எத்தனை தூரம் போதும்?

சென்ற வருஷம் எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவாயிற்று. என்ன நிறம் என்பதும் முடிவாயிற்று. அது என் மனைவியின் இலாகா. மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வண்டி எத்தனை தூரம் ஓட வேண்டும்?

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று 30 யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரி. மற்றது 45 யூனிட். விலை வித்தியாசம் லட்சத்தைத் தாண்டியது. சென்னையில் இருக்கும் என் மகன் தொலைபேசியில் சொன்னான்: "பெரிசையே வாங்கிடுங்கப்பா. நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

நடுவழியில் நின்றுவிட்டால்! இந்தப் பயத்தை நம்பி உலகத்தில் எத்தனை வியாபாரங்கள் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். பெங்களூரில் 2001-இல் ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. ஒரு சார்ஜில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். "இது எந்த மூலைக்கு?" என்று கேட்டோம். 2024 நவம்பரில் மஹிந்திரா கம்பெனி அறிமுகம் செய்த பி.இ. 6 என்ற காரின் பெரிய பாட்டரிக்குச் சோதனைக் கணக்கு 682 கிலோமீட்டர். இப்போதும் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதேதான். தூரம் எட்டு மடங்கு வளர்ந்துவிட்டது. பயம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. மூன்று மாதம் பழைய பெட்ரோல் வண்டி போன தூரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். கள்ளக்குறிச்சிக்குள் கடைத்தெரு, கோயில், பாங்க், சிநேகிதர் வீடு. பெரும்பாலான நாட்களில் 15 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நீண்ட பிரயாணம். என் மகள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் விட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அழைத்துவர வேண்டும். கச்சிராயபாளையம் வழியாகப் போக ஏறத்தாழ 40 கிலோமீட்டர், வர 40.

கடைக்காரர் சொல்லும் தூரம் சோதனைக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டிப் பார்த்தது. நம் சாலைகளில் இத்தகைய கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஆறரைக் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வதே விவேகம். அப்படியானால் 80 கிலோமீட்டருக்கு 12, 13 யூனிட். மலை ஏறுவதற்குத் தனிக் கூலி உண்டு. ஒன்றரை டன் பாரத்தை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மூன்று யூனிட் வேண்டும். சமதரையில் 20 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். ஆனால் இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வாங்கியதில் பாதிக்குமேல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகப் போய்வர 14 யூனிட். 30 யூனிட் பாட்டரியில் பாதிகூடச் செலவாகாது.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. மலைமேல் பாட்டரியைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு இறங்கினால், மலை திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்காது. கொஞ்சம் காலியாக இருப்பதற்குத்தான் கிடைக்கிறது. மனிதர்களிடமும் நான் இதைக் கண்டிருக்கிறேன்.

சரி, சென்னை? 240 கிலோமீட்டர். வருஷத்தில் நாலைந்து தடவை. சிறிய பாட்டரியானால் வழியில் ஒரு மணி நேரம் நின்று சார்ஜ் ஏற்ற வேண்டும். பெரிய பாட்டரியானாலும் நான் திண்டிவனத்தில் காபிக்கு நிற்பவன்தான். அந்த நாலைந்து நாளுக்காக, ஒரு ஆளின் எடைக்குக் குறையாத கூடுதல் பாட்டரியை மற்ற 360 நாளும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் சுமந்து திரிவதா? 'போதும்' என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். சிக்கனம், நிதானம், பயமின்மை எல்லாம் எனக்கு வாய்த்துவிட்டதாக ஒரு திருப்தி.

வெள்ளிக்கிழமை மகள் நோட்டைப் பார்த்தாள்.

"உங்க கணக்கு சரிதாம்ப்பா. ஆனா இதுல நம்ம மூணு பேர்தான் இருக்கோம்."

"வேறு யார் இருக்க வேண்டும்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, தன் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயைப் பற்றிச் சொன்னாள். பிரசவ வலி கண்ட இரவில் மழை. அந்தச் சிற்றூருக்குச் சாலை கிடையாது. துணியைத் தூளிபோல் கம்பில் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து தார்ச்சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே வண்டிக்காகக் காத்திருந்ததுதான் நெடுநேரம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். "அவங்களுக்கு ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா சொல்லத் தெரியாதுப்பா. யார் வீட்டுல வண்டி இருக்குன்னுதான் தெரியும்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மகனின் பயத்தைக் கண்டு சிரித்தேனே, என்னுடைய 'போதும்' மட்டும் என்ன உயர்த்தி? அவன் தன் தந்தை வழியில் நின்றுவிடக் கூடாதே என்று பயந்தான். நான் என் தேவையை அளந்து, அதோடு உலகம் முடிந்துவிட்டதாக நினைத்தேன். தனக்குப் போதும் என்பவன் எளிமையானவனாக இருக்கலாம். நல்லவன் என்று சொல்ல அது மட்டும் போதாது.

அப்படியானால் பெரிய பாட்டரியே வாங்கியிருக்க வேண்டுமா? இரண்டு நாள் யோசித்தேன். இல்லை. பெரிய பாட்டரியைக் காலியாக நிறுத்தியிருப்பவனால் நள்ளிரவில் யாருக்கும் பிரயோஜனமில்லை. அவசரத்துக்கு உதவுவது பாட்டரியின் அளவல்ல, அதில் மிச்சம் வைக்கும் பழக்கம். மலைக்குப் போய், ஒருவரை ஏற்றிக்கொண்டு, சிறுவங்கூரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எனக்கு ஏறக்குறைய 15 யூனிட் வேண்டும். அதாவது சிறிய பாட்டரியில் சரிபாதி.

சிறியதையே வாங்கினோம். வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. இரவு வண்டி கொட்டகைக்குள் நுழையும்போது பாதிக்குக் குறையக் கூடாது. குறையும் போலிருந்தால் எங்கள் ஊர்சுற்றலை நிறுத்திக்கொள்ள வேண்டும். மேல் பாதி எங்களுடையது. கீழ்ப் பாதி யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. மகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சிலரிடம் எங்கள் தொலைபேசி எண் இருக்கிறது.

இதுவரை இரவில் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட நேராமலே இருக்கட்டும். ஆனாலும் படுக்கப் போகுமுன் கொட்டகைக்குப் போய் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். கதவைத் தாழிட்டோமா என்று பார்ப்பது போல. ஆனால் அது யாரும் வரக் கூடாது என்பதற்கு, இது யாராவது வந்தால் என்பதற்கு.