வரலாற்றின் வண்டியை இழுத்த மாடுகள்

விதி என்பது இரண்டே எழுத்து. ஆயினும் அந்த இரண்டெழுத்துக் குழிக்குள் எத்தனை பேருடைய உழைப்பைப் புதைத்துவிட்டார்கள்! அரசு கவிழ்ந்தால் விதி. கோட்டை வீழ்ந்தால் விதி. வென்றவன் வீற்றிருந்தால் அவன் செய்த புண்ணியம். படித்தவர்களிடம் இதே நோய்க்கு வேறொரு பெயர் உண்டு. அதற்குத் 'திருப்புமுனை' என்று பெயர். ஒரு நாள், ஒரு தளபதி, ஒரு முடிவு. உடனே காலச்சக்கரம் திரும்பிவிட்டதாம்! பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுந்தோறும் கேட்கத் தோன்றுகிறது: திருப்பியவர் யார்? திருப்பப்பட்டவர் யார்?

குன்னூரை அடுத்து வெலிங்டன் என்றோர் ஊர். முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி அங்கே இருக்கிறது. உலகப் போர்களின் திருப்புமுனைகளைப் படமிட்டு ஆராய்வோர் அவர்கள். ஊருக்குப் பெயர் தந்த பிரபு, 1799-ல் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கர்னலாகச் சீரங்கப்பட்டணப் படையெடுப்பில் பங்கு கொண்டவர். நகர் வீழ்ந்தபின் அதன் ஆளுநராக அமர்த்தப்பட்டவர். அதே குன்னூருக்கு அருகே பக்காசூரன் மலை. அதன் உச்சியில் சிதைந்து கிடக்கும் கோட்டை, திப்புவின் காவற்கோட்டை என்பது மக்கள் வழக்கு. ஒரு பக்கம் வென்றவன் பெயர். மறுபக்கம் தோற்றவன் சுவர். இரண்டுக்கும் நடுவே தேயிலை.

மைசூருக்கும் கும்பினிக்கும் 1767-ல் மூண்ட பகை 1799-ல் முடிந்தது. நான்கு போர்கள், முப்பத்திரண்டு ஆண்டுகள். மேலைக் கடற்கரை மங்களூர் முதல் கீழைக் கடற்கரை பரங்கிப்பேட்டை வரை படைகள் மிதித்த மண். திருப்புமுனை தேடுவோர்க்கு இங்கே பஞ்சமில்லை. 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, ஐதரும் திப்புவும் வென்றனர். சில கல் தொலைவில் பெரும்படையுடன் இருந்த மன்றோ உதவிக்கு வரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினான். கும்பினியின் கதை அன்றே முடிந்திருக்கும் என்பார் உண்டு. முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் வென்றான். ஒரு நாளின் திருப்பத்தை மறு நாளின் திருப்பம் விழுங்கிற்று.

நான் மாணவர்க்கு விரித்துரைப்பது இவ்விரண்டையும் அல்ல. 1791 மே மாதத்தை. பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் வாயில்வரை வந்துவிட்டான். களத்தில் திப்புவைப் பின்வாங்கவும் செய்தான். ஆயினும் கோட்டையை முற்றுகையிட இயலவில்லை. ஏன்? மாடுகள் செத்துவிட்டன! தீனியின்றியும் நோயாலும் இழுவை மாடுகள் வீழ, பீரங்கிகளை நகர்த்த ஆளில்லை, விலங்கில்லை. உலகையே மருட்டிய முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப்போட்டுத் திரும்பி நடந்தான் அந்தத் தலைமைத் தளபதி. பொதிமாடுகளில் தானியம் ஏற்றி நாடெங்கும் திரிந்த லம்பாடிகள் கொண்டுவந்து கொட்டிய தானியத்தின் துணையோடுதான் 1792 பிப்ரவரியில் அவன் மீண்டும் வர முடிந்தது. பிறகு நடந்ததைப் பாடநூல் சொல்லும்: பாதி நாடு பறிபோயிற்று, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், இரு பிள்ளைகள் பிணை. பாடநூலில் காரன்வாலிசுக்குப் படம் உண்டு. லம்பாடிக்கு வரியும் இல்லை.

இனி, 1799 மே 4. அன்று காலை சோதிடர்கள் நாள் நன்றாக இல்லை என்று எச்சரித்ததாகவும், தீங்கு நீங்கத் திப்பு தானம் வழங்கியதாகவும் கும்பினியார் எழுதிய வரலாறு கூறுகிறது. 'பார்த்தீர்களா, சோதிடம் பலித்தது!' என்பார் நம்மூர்ப் பஞ்சாங்கப் பெரியவர். எதிரி எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தான்? காவிரியில் வெள்ளம் வருமுன் கோட்டையை உடைக்க வேண்டும் என்று ஆற்றைப் பார்த்தான். தன் முகாமில் அரிசி தீர்ந்து வருவதைப் பார்த்தான். நண்பகலில் காவலர் சோர்ந்திருப்பர் என்று வெயிலைப் பார்த்தான். ஒருமணி அளவில் பாய்ந்தான். மீர் சாதிக்கின் துரோகமே காரணம் என்போரும் உளர். துரோகம் நடந்திருக்கலாம். எனினும், முப்பத்திரண்டு ஆண்டுப் போரை ஒரு துரோகியின் தலையில் ஏற்றி வைப்பது விதிவாதத்தின் தம்பி, வேறல்ல.

சோவியத் மண்ணில் நாஜிகள் நடத்திய போருக்கும் திருப்புமுனை தேடுவார்கள். 1941 டிசம்பரில் மாஸ்கோ, 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடு, அவ்வாண்டு ஜூலையில் கூர்ஸ்க். எது உண்மையான முனை என்பதில் ஏடுகள் பல மோதும். ஆனால் 1941-லேயே 1,500-க்கும் மேற்பட்ட ஆலைகளைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோய், பனியில் மீண்டும் ஓட்டியவர்களில் பெண்களும் சிறாரும் பல்லாயிரவர். அங்கே வார்த்த இரும்பு அல்லவா கூர்ஸ்கில் நின்றது!

அவ்வாறாயின், உழைத்த கைகளே போரைத் திருப்பின என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? நில்லுங்கள், தோழர்களே! பெருமையை ஏற்றால் பொறுப்பையும் ஏற்க வேண்டும். சீரங்கப்பட்டணத்தை உடைத்த படையில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். சென்னைப் படையின் சிப்பாய்கள், நம்மவர்கள். வயிற்றுக்காகப் போனார்கள் என்பது உண்மை. 1780-ல் ஐதரின் குதிரைப்படை கருநாடகச் சீமையை எரித்தது. அடுத்த இரண்டாண்டும் சென்னைப்பக்கம் பஞ்சத்தில் மக்கள் மடிந்தனர். மைசூர் அரசன் ஏழையின் காவலன் என்று நான் கதை கட்டமாட்டேன். இரு யானைகள் மோதிய காடு அது. ஆயினும் வெற்றி பெற்றதாலேயே கும்பினி நீதியின் பக்கம் நின்றது என்றாகிவிடுமா? அரிசியும் மாடும் மிகுதியாக உடையவன் வென்றான், அவ்வளவே.

திருப்பப்பட்டவர்களை இம்மலையிலேயே காணலாம். 1799-ல் திப்புவின் நாட்டைப் பங்கிட்டபோது நீலகிரி கும்பினிக்குப் போயிற்று. தோடரையோ, கோத்தரையோ, படகரையோ, குறும்பரையோ, இருளரையோ எவரும் கேட்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1819-ல், கோவை ஆட்சியர் சல்லிவன் மலையேறினார். புல்வெளி நகரமாயிற்று, காடு தோட்டமாயிற்று. அக்கையெழுத்துக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் இட்ட கையெழுத்தால் 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டும் என்று முடிவாயிற்று. வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அவர்களையும் எவரும் கேட்கவில்லை.

சிப்பாய் மறுத்திருக்க முடியுமா? ஒருமுறை மறுத்தான். 1806 ஜூலை 10-ல், திப்புவின் மக்கள் சிறையிருந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். சீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய அதே சென்னைப் படை, மைசூர்க் கொடியை ஏற்றிற்று! அவர்கள் சினத்துக்குத் தீ மூட்டியவை புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும். நெற்றிக்குறியை நாம் விரும்பி வாழ்த்த இயலாதுதான். ஆனால், உன் உடலின்மேல் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று கட்டளையிட உரியவன் எவன் என்ற கேள்வி அதனடியில் இருந்தது. அந்தக் கேள்வி நமக்கும் உரியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினான். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஆனால் தலைப்பாகை ஆணையைக் கும்பினி திரும்பப் பெற்றது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர்.