நாடற்றாரும் புவனமும்

கீழ்பென்னாத்தூரினின்று நோக்குவார்க்கும் அண்ணாமலைத் தீபம் ஒன்றே. அத்திருவருளை முன்னிட்டு ஒன்று வினவுவாம்: ஓருயிரை எந்நாட்டிற்கும் உரியதன்றென விலக்கல் அறமாமோ?

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல இலக்கவரை நாடற்றவராக்கிற்று. அடுத்த திங்களே ஐக்கிய நாடுகள் சபை, மக்கள் யாவர்க்கும் நாட்டுரிமை உண்டென மொழிந்தது. 1964இல் இரண்டு அரசுகளும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பகுத்தன. அவர்தம் உள்ளம் வினவப்பட்டிலது.

தநு கரண புவன போகங்களை இறைவன் உதவியது உயிர்கள் மலநீக்கம் பெறற்பொருட்டேயாம். ஆகலின் புவனம் அவன் உடைமை. 'எமதே' எனல் ஆணவத்தின் காரியம். பயிர் காக்க வேலியிடுதல் குற்றமன்று. அடைக்கலம் புகுந்தார்க்கு வாயில் அடைத்தலே குற்றம்.

"அவர் துன்பம் அவர் வினைப்பயன், நமக்கென்னை?" எனின், அற்றன்று. அவர் நுகர்வது பிராரத்தம். கண்டும் வாளாவிருத்தல் நமக்கு ஆகாமியமாம்.

அவர் வழித்தோன்றல் சிலர் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இன்றும் குடியுரிமையின்றி உள்ளனர். அவர்தம் முறையீட்டை அரசினர்க்கு எடுத்தியம்புதல் மடங்கட்கும் அன்பர்கட்கும் உரிய சிவத்தொண்டேயாம்.

திருச்சிற்றம்பலம்.