விலை கொடுத்தால் கடன் தீருமா?



கோடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் கூடாரமடித்துச் சனி, ஞாயிறைக் கழித்து வருவது பட்டணத்துக் குடும்பங்களில் இப்போது பரவி வரும் வழக்கம். நல்லதே. இரண்டு நாள் இரைச்சலின்றி இருப்பது சரீரத்துக்கும் ஆத்துமத்துக்கும் நலந்தரும்.

ஆனால் கூடார வாசலிலிருந்து பார்த்துப் பரவசமடைகிறீர்களே, அந்தப் படிப்படியான சரிவுகள் தாமாய் அமைந்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாய் மனிதர் மலையை வெட்டிச் சமன்செய்த வயல்கள் அவை. அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு பல்லையும் குனிந்து கையால் ஊன்றவேண்டும், களையெடுப்பதும் கையால்தான், அந்தப் படிகளில் பெரிய இயந்திரம் ஏறாது. பிடுங்கியதைக் கட்டுக்கட்டாய்க் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டுக் காக்கிறார்கள். மூட்டை மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்கு வந்து, பிறகே நம் ரசத்தில் விழுகிறது.

"அதற்குத்தான் காசு கொடுத்தோமே, இன்னும் என்ன கடன்?" என்பீர்கள். நியாயமான கேள்வி, மழுப்பலாகாது. வைத்தியருக்கும் கட்டணம் கொடுக்கிறோம். ஆயினும் குழந்தை பிழைத்தால் கைகூப்புகிறோம் அல்லவா? பணம் அவருடைய நேரத்துக்கு ஈடு, பிழைத்த உயிருக்கு ஈடல்ல என்று அறிந்திருக்கிறோம். சாப்பாடும் அப்படியே. சந்தைக்கு வரத்து மிகுந்த வாரம் பூண்டின் விலை பாதியாய் விழுந்தால், ஊன்றியவரின் முதுகுவலியும் பாதியாய்க் குறைந்துவிடுமோ? விலை வேறு, நன்றிக்கடன் வேறு.

உண்ணுமுன் சிலுவை வரைந்து சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லுகிறோமே, அது போதாதா? அவர் தந்தார், வாஸ்தவம். யார் கை வழியாகத் தந்தார்? 1970-ல் வெளிவந்த பூசைப் புத்தகத்தின்படி, அப்பத்தை ஒப்புக்கொடுக்கும் குருவானவர் நிலத்தை மட்டுமல்ல, மனிதரின் உழைப்பையும் சேர்த்தே சொல்லுகிறார். பீடத்தில் நினைக்கப்படுகிறவர்கள் நம் வீட்டு இலைமுன் மறக்கப்படுவானேன்?

கூடாரத்துக்குக் கேட்ட வாடகையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர் பலர், திரும்பும் வழியில் சாலையோரத்தில் பூண்டும் கேரட்டும் விற்கும் அம்மாளிடம் பத்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதாடுவதுண்டு. ஜெயித்தும் விடுவார்கள், இருட்டுமுன் விற்றாகவேண்டிய அவசரம் அந்த அம்மாளுக்குத்தானே! அடுத்த முறை நீர் அங்கே வண்டியை நிறுத்தினால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, இது எந்தச் சரிவில் விளைந்தது என்று கேட்டுப் பாரும். அவரே ஊன்றியதாயிருந்தால், கை நீட்டிக் காட்டுவார்.