காரணமும் கர்த்தாவும்

ஒரு காரியத்தின் குணதோஷங்கள் அதன் காரணத்திலேயே சூக்ஷ்மமாக உறைந்து கிடக்கின்றனவா, அல்லது கர்த்தாவின் சங்கற்பத்தால் பின்னர் வந்து சேர்கின்றனவா என்னும் பழைய விசாரத்தை நம் தார்க்கிகர்கள் மண்ணையும் குடத்தையும் வைத்தே நடத்தினார்கள். அணு உலையையும் லேசர் ஒளியையும் வைத்து அதனை மறுபடி நடத்திப் பார்ப்பதில் தவறில்லை.

அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடம் 1977-இல் நியூ மெக்ஸிகோவில் இயக்கிக் காட்டிய லேசரில், குளோரினையும் காரங்கலந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கூட்டிக் கிளர்ச்சியுற்ற பிராணவாயுவைப் பெற்றார்கள். அது தன் சக்தியை அயோடின் அணுவுக்கு ஈய, அவ்வணு அதைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாக வெளியிட்டது. ரசாயனத்துக்குப் பதிலாக அணுசக்தியைக் கொண்டே அவ்வாயுவைக் கிளர்த்த இயலுமா என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மைலியின் குழுவினர் ஆராய்ந்தனர். உலையின் நியூட்ரான், வாயு நிறைந்த குழாயின் உட்சுவரில் பூசிய போரானைத் தாக்க, அங்கிருந்து தெறிக்கும் ஹீலியம், லித்தியம் கருக்கள் வாயுவினூடே பாய்ந்து எலெக்ட்ரான்களை உதிர்க்க, அவற்றுள் வேகம் தணிந்தவை பிராணவாயு மூலக்கூறை மோதி எழுப்பும் என்பது இத்தகைய முறையின் தத்துவம். அந்நியூட்ரானை ஈனும் உலையில் யுரேனியக் கரு ஒன்று பிளவுறுகையில் பிறப்பது ஏறக்குறைய 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்; மூலக்கூறு ஒன்று ஏந்திக்கொள்வதோ ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் எதனோடும் மோதாமல் தனித்திருக்க விட்டால், அச்சிறு சக்தியைச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேலும் அது சிந்தாமல் வைத்திருக்கும். துறவிகளுக்கும் எளிதில் வாய்க்காத நிதானம்!

ரசாயன முறையில் பிறந்த இதே ஒளிதான் 2010 பிப்ரவரியில் கலிபோர்னியாக் கடலோரத்தில், போயிங் 747 விமானமொன்றிலிருந்து பாய்ந்து ஏவுகணை ஒன்றை அழித்தது. கண்ணாடி இழையினூடே அதிகம் தேயாமல் செல்வதால், ஆயுள் முடிந்த அணு உலைகளின் உலோகத்தைத் தூரத்திலிருந்தே அறுத்துப் பிரிக்கவும் இதைப் பயன்படுத்தலாமென்று ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்விரண்டில் எந்தக் காரியம் அந்த வாயுவில் முன்னரே இருந்தது? இரண்டும் சக்தி ரூபமாக இருந்தன, ஒன்று வெளிப்பட்டது என்பார்கள், காரியம் காரணத்திலேயே உண்டென்னும் சத்காரியவாதிகள். இருக்கட்டும், எது வெளிப்பட வேண்டுமென்று தீர்மானித்தவர் யார்?

சைவ சித்தாந்திகள் மண்ணை முதற்காரணம் என்றும், தண்டசக்கரத்தைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் வகுத்தார்கள். இங்கோ குயவர் பலர்: உலையை இயக்குபவர், வாயுவைக் கிளர்த்துபவர், கண்ணாடியைத் திருப்பிக் குறிபார்ப்பவர். ஒவ்வொருவரும் தம்மைத் துணைக்காரணம் என்றே சொல்லிக்கொள்ளக்கூடும். அந்தச் சலுகை சடமாகிய சக்கரத்துக்கு உண்டு; சித்தாகிய மனிதனுக்கு இல்லை. போரானைப் பூசியவனுக்கும் விசையை அழுத்தியவனுக்கும் வினை சமமென்று நான் வாதிடவில்லை. பயன் இன்னதென்று அறிந்து பூசினானாயின், அவ்வளவுக்கு அவனும் நிமித்தனே.