கூடையோடு ஒரு கதையும்



சற்று முன் நம் கோவில் முற்றத்தில் பால் பொங்கியபோது பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கூவினார்கள். என் வீட்டில் அந்தக் கூவலுக்கு முன் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். பால் விளிம்புக்கு ஏறும்போது அப்பா எங்களை அருகில் அழைத்து, ஆண்டுதோறும் ஒரே வார்த்தையைச் சொல்வார்: "உங்க அப்பாயி அடுத்தவங்க வயல்ல கதிர் பொறுக்கித்தான் என்னை வளத்தாங்க."

சம்பா அறுப்பு முடிந்து ஆட்கள் கட்டுகளைக் களத்துக்குத் தூக்கிப் போன பிறகுதான் அப்பாயி வயலில் இறங்குவார். அறுத்த தாள் காலைக் குத்தும். சிந்திய கதிர்களை மடியில் சேர்த்து, வீட்டில் கசக்கி, முறத்தில் புடைத்தால் சில நாள் ஒரு படி நெல் தேறும். விரட்டியவர்கள் உண்டு. ஒரு காரியக்காரர் மட்டும் அப்பாயியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவர் மேற்பார்த்த வயலில் கதிர் கொஞ்சம் அதிகமாகவே சிந்திக் கிடக்குமாம்.

பத்து வயதில் எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. கூட்டாளிகள் முன் சொல்லாதீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த பொங்கலிலும் சொன்னார்.

குருமடத்தில் இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தை வாசித்த நாளில் அப்பா எனக்குப் புரிந்தார். முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவருகிற இஸ்ரயேலன் கூடையை வைத்துவிட்டுப் போய்விட முடியாது. பீடத்தின் முன் நின்று தன் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். தன் மூதாதை நாடோடியாய் அலைந்தவர், எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தோம், ஆண்டவர் மீட்டார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலம் கிடைத்து, களஞ்சியம் நிறைந்த பிறகும் சொல்ல வேண்டும். அதன்பின் லேவியரோடும் தங்களிடையே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும். கதையை மறந்தவன் அந்நியனுக்கு இலை போட மாட்டான். அதனால்தான் இந்த வரிசை என்று நான் நம்புகிறேன்.

ரூத்தை நினைத்துப் பாருங்கள். மோவாபிய நாட்டவள், கணவனை இழந்தவள், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்தவள். வாற்கோதுமை அறுவடையில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். அரிக்கட்டுகளிலிருந்தே சில கதிர்களை உருவி அவளுக்காகப் போடும்படி போவாசு ஆட்களிடம் சொன்னார். எங்கள் அப்பாயியின் காரியக்காரர் விவிலியம் படித்தவர் இல்லை. ஆனாலும் அதையே செய்தார். அந்த ரூத்தின் பெயரை மத்தேயு இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் எழுதியிருக்கிறார். நம் ஆண்டவரின் குடும்பத்திலும் கதிர் பொறுக்கிய ஒரு பெண் இருக்கிறாள்!

இன்று நம் வயல்களில் மெஷின் அறுக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் நெல் வயலிலிருந்தே டிராக்டரில் ஏறிவிடுகிறது. மடி ஏந்தி வருகிறவர்களுக்காக நாமே நினைத்து ஒதுக்கினால்தான் உண்டு. நடவுக்கு வடமாநிலத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் ஊர்ச் செங்கல் சூளையிலும் அவர்களின் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. அவர்கள் நட்ட நாற்றுதான் இன்று நம் பானையில் பொங்கியது. அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட நமக்குத் தெரியுமா?

வீட்டுக்குப் போனதும் இலை போடுவதற்கு முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இல்லாத காலத்துக் கதையைக் கேளுங்கள். பெரியவர்களே, மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள்.

பீடத்தின் அருகே ஒரு காலிக் கூடை வைத்திருக்கிறோம். காணிக்கை நேரத்தில் வீட்டுக்கு ஒரு படி புது அரிசி அதில் போடுங்கள். திருப்பலி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போகிறேன். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.