நிழல் எங்கிருந்து விழுகிறது?

அழகைச் சுவைப்பது குற்றமா? கழனியின் அமைதியிலே களிக்கும் நாம், அங்கே குனிந்து உழைப்பவனை மறந்துவிடுகிறோமா? பகுத்தறிவு பேசும் இளைஞர் தம் நெஞ்சைக் கேட்கவேண்டிய கேள்வி இது.

பாரிசு நகரின் ஓர்சே அருங்காட்சியகத்திலே ஓர் ஓவியம். பெயர் 'உறைபனி'. 1873-இல் கமீல் பிசாரோ தீட்டியது. உழுத நிலம்; வெளிறிய காலை வெயில்; முதுகிலே விறகுச் சுமையுடன் நடக்கும் குடியானவன். அவ்வளவே! தேவனில்லை, தேவதையில்லை, மணிமுடி தரித்த மன்னனுமில்லை.

1874 ஏப்ரல் 15-இல் பாரிசிலே மோனே, தெகா, ரெனுவார் முதலானோர் தாமே நடத்திய கண்காட்சியில் இவ்வோவியமும் இடம்பெற்றது. மரபிலே ஊறியோர் நகைத்தனர். வண்ணப்பலகையைச் சுரண்டிப் பூசியது என்று ஏளனம் செய்தார் லூயி லெருவா. மற்றொரு விமர்சகரோ, படத்திலே இல்லாத மரங்களின் நிழல் வயலில் விழலாமா என்று குறைகண்டார். ஏன் விழக்கூடாது? மரம் சட்டத்துக்கு வெளியே நின்றது. நிழல் உள்ளே விழுந்தது. ஏட்டிலே எழுதியதை அன்று, கண்ணாலே கண்டதைத் தீட்டினார் ஓவியர். அதுவன்றோ பகுத்தறிவு!

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த நம் குருவிநத்தத்திலே, தென்பெண்ணைப் பக்கம், மார்கழி விடியலில் நின்று பாருங்கள். பனியிலே நனைந்த வரப்பு, பச்சை நெல், தொலைவிலே தலைச்சுமையுடன் ஒரு தாய். "என்ன அமைதி!" என்கிறோம். யாருடைய அமைதி? நின்று பார்ப்பவனுக்கு அமைதி, சுமப்பவளுக்குக் கழுத்துவலி.

அந்த ஓவியம் பிறந்தபோது பாகூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழே இருந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. 1962-இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறிற்று. கொடி இறங்கியது, சுமை இறங்கியதா?

"பசித்தவனுக்கு ஓவியம் எதற்கு?" என்பார் சில தோழர். உழைப்பவனுக்குச் சோறு போதும், சுவை வேண்டாம் என்பது அவனை மீண்டும் மாடாக்கும் பேச்சு. "வண்ணத்தைப் பார், ஆளை விடு" என்பார் வேறு சிலர். அது கண்ணிருந்தும் குருடாகும் கலை. இரண்டையும் மறுக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்வோம். பிசாரோ அந்த மனிதனை மண்ணோடு மண்ணாக, அதே நிறத்திலே கலந்துவிட்டார். நம் கண் ஒளியிலே மயங்கி, பிறகே அவனைக் காண்கிறது. ஓவியரைக் குறைகூறுமுன், நம் ஊரிலே நாம் முதலில் எதைக் காண்கிறோம் என்று எண்ணிப்பார்ப்போம்.

ஆகவே, அழகைச் சுவைப்போம், தயங்காமல் சுவைப்போம். சுவைத்த கண்ணை உடனே மூடிவிடாமல், இன்னும் சற்று நோக்குவோம். வயலிலே விழும் நிழலைக் கண்டால், சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரம் எது என்று கேட்போம். நிலம் யாருடையது? கூலி எவ்வளவு? சுமை ஏன் இன்னும் அவள் தலையிலே?

கேட்கத் தெரிந்த கண்ணே கலையை அறிந்த கண்!