ரப்பர் டயர் பாவமா?

டிராக்டரை ஏற்றிப் போக ட்ரெய்லர் தேடுபவருக்கு முதல் கேள்வி எடைதான். 75 குதிரைத்திறன் வண்டியே மூன்று டன்னை ஒட்டி வரும். முன்னால் லோடரும் பின்னால் கலப்பையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ட்ரெய்லரின் எடையையும் கூட்டி, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இழுவை வண்டியின் கொக்கியில் அழுந்தும்படி டிராக்டரை நிறுத்த வேண்டும். பாரம் பின்னுக்கு நகர்ந்தால் ட்ரெய்லர் பாம்பாக நெளியும்.

அமெரிக்காவின் கிராஃப்டேல் சபை மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எடை இரண்டாவது கேள்விதான்; முதல் கேள்வி சக்கரம். கார் வைத்துக்கொள்ளலாமா என்ற தகராறில் 1927இல் பென்சில்வேனியாவில் பிரிந்து, குதிரைவண்டியே போதும் என்று நின்றவர்கள் இவர்கள். வயலுக்கு டிராக்டர் உண்டு. சக்கரம் மட்டும் இரும்பாக இருக்க வேண்டும். ரப்பர் டயர் மாட்டினால் டிராக்டரே காராகிவிடும், கடைக்கும் ஊருக்கும் அதிலேயே போவார்கள், சமூகம் சிதறும் என்பது அவர்கள் கவலை. அசௌகரியத்தை வேலியாகக் கட்டிய இந்த யோசனையைச் சுலபமாகச் சிரித்துத் தள்ள முடியாது.

ஆனால் சாலை பொதுச்சொத்து. சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறும் டிராக்டரைப் பார்த்துத் திட்டிய காவிரி டெல்டாக்காரருக்கு இது புரியும். அயோவாவின் மிட்செல் கவுண்டி 2009இல் இரும்புச் சக்கரங்களைக் கெட்டித்தளச் சாலைகளில் தடைசெய்தது. தடையை மீறியதாக ஒரு மெனோனைட் விவசாயி மீது வந்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிப் பேருந்துகளின் டயர்களில் பனிக்கு ஆணி பதிக்க அனுமதி உண்டே, அதுவும் சாலையைக் கீறாதா என்று கேட்ட நீதிமன்றம், 2012இல் அந்த விவசாயிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

ட்ரெய்லரில் ஏற்றிப் போனால் தீர்ந்ததே என்று தோன்றும். காரே இல்லாதவர் அதை எதைக் கொண்டு இழுப்பார்? பிறர் ஓட்டும் வண்டியை வாடகைக்குப் பிடிக்கச் சபையில் தடையில்லை. தொலைவில் வாங்கிய டிராக்டரை வீட்டுக்குக் கொண்டுவர அது சரி. தாழ்ந்த தளம், பலமான சாய்வுப் பலகை, நாலு மூலைக்கும் சங்கிலி. பலகை மரமென்றால் இரும்புப் பற்கள் கடித்துவிடாமல் மேலே தடித்த விரிப்பு. காசும் ஏற்பாடும் தேவைப்படுவதால் யாரும் நினைத்தபோதெல்லாம் கிளம்ப மாட்டார்கள். சபை விரும்பும் தடை அப்படியே இருக்கும். அடுத்த வயலுக்குப் போக நாளெல்லாம் ஏற்றி இறக்குவது மட்டும் நடக்காத காரியம்.

இந்தச் சபையார் சாலையை மறந்தவர்களும் அல்ல. சாலையில் விழும் அதிர்வு குறையட்டும் என்று இரும்புச் சக்கரத்தில் ரப்பர் பட்டையும் சேர்த்திருந்தார்கள்.